கைக்கும் இடம் வேண்டும்

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

பெரியவற்றைக் கண்டு வியத்தல் மக்கட்கு இயல்பு. கோபுரத்தை அண்ணாந்து நோக்குவார் பலர். அதனைத் தாங்கி நிற்கும் அடிக்கல்லைக் குனிந்து நோக்குவார் மிகச் சிலர். மோட்டார் காரைப் பற்றிப் பேசுவோர் திறமும் இத்தகையதே. அதன் வேகத்தைப் புகழ்வர், வடிவழகைப் புகழ்வர், எஞ்சினின் ஆற்றலைப் புகழ்வர். அவ்வெஞ்சினின் ஒரு மூலையில் ஏறக்குறைய இரண்டு அங்குல நீளமே உடைய இரப்பர்க் குழாயொன்று கொதிக்கும் நீரைத் தாங்கிக்கொண்டு வாளா கிடக்கின்றது என்பதை நினைப்பார் அரியர். உருளுகின்ற தேர் எத்துணைப் பெரிதாயினும் அதற்குச் சிறிய அச்சாணி இன்றியமையாதது என்பதை வள்ளுவர் பெருந்தகையார் என்றோ நமக்கு எடுத்துக்காட்டினார். அந்த அச்சாணியின் இனத்தைச் சேர்ந்ததே இச்சிறு குழாயும்.

தமிழ் பயிலும் மாணவனுக்கும் காரின் நீர்க்குழாய்க்கும் என்ன தொடர்பு என அன்பர் சிலர் வினவலாம். எம் தாய்மாமன் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை இன்றளவும் பேணி வருகின்றார். விடுமுறை நாட்களில் அவருக்குத் திருப்புளி எடுத்துக் கொடுத்தும், விளக்குப் பிடித்தும் நின்ற பழக்கமே இப்பொருளில் எனக்கு ஈடுபாடு உண்டாகக் காரணமாயிற்று. நூலறிவு ஒன்றனையே அறிவென மதிக்கும் இடத்தில் கையறிவைப் பற்றியும் ஒருவன் பேசுதல் நன்றே என்னும் துணிவினால் இதனை எழுதலானேன். ஒரு பொருளைச் செய்பவன், பின்னொரு நாள் அதனைச் செப்பனிடப் போகின்றவனுடைய கைக்கும் அதனுள் இடம் வைத்தே செய்தல் வேண்டும் என்பதே யான் ஈண்டு நிறுவக் கருதுவது.

முதற்கண் இக்குழாய்களின் பயனைச் சுருங்கக் காண்போம். எஞ்சினுள் பெட்ரோல் எரிவதால் எழும் வெப்பம் முழுவதும் காரை ஓட்டும் ஆற்றலாக மாறுவதில்லை. அதில் ஒரு பெரும்பகுதி புகையோடு வெளியே போகின்றது. ஏறக்குறைய மூன்றில் ஒரு கூறு எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீரினால் கவரப்படுகின்றது. அந்நீரைப் பம்பு ஒன்று சுழலச் செய்கின்றது. ரேடியேட்டர் அதனை ஆற்றுகின்றது. இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளிலே இச்சூட்டை வீணே காற்றில் விட மனமில்லாதவராய், நீரில் ஒரு பகுதியைப் பிரித்துக் காரினுள்ளே கொண்டு சென்று, சிறியதொரு ரேடியேட்டரின் வழியாகப் பாய்ச்சி, அதன்மேற் காற்றை வீசச் செய்து, பயணம் செய்வோர் குளிர் காய வகை செய்தனர். இதுவே ஹீட்டர் எனப்படும் வெப்பமூட்டி. எஞ்சினிலிருந்து இதற்குச் சுடுநீரைக் கொண்டு செல்லுதற்கு ஒரு ஹோஸ் குழாயும், திருப்பிக் கொணர்தற்கு மற்றொன்றும் வேண்டும். நம் சமவெளிகளில் ஓடும் காருக்கு இவ்வுறுப்பு வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் பனிக்காலத்திலோ கண்ணாடியின்மேற் படியும் பனியை நீக்குவதற்கும் இதுவே துணை.

இந்த வெப்பமூட்டி பழைய கார்கள் பலவற்றில் காருடன் ஒருங்கே பிறந்த உறுப்பன்று. 1959-ஆம் ஆண்டில் வெளிவந்த மினி காரில்கூட அது வேண்டுவோர் தனி விலை கொடுத்துப் பெறும் பொருளாகவே இருந்தது. வீடு கட்டி முடிந்தபின் வந்து சேர்ந்த விருந்தினனுக்குத் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ இடம் ஒதுக்குவது போல, எஞ்சினும் பிறவும் தத்தம் இடங்களைப் பற்றிக்கொண்டபின், எஞ்சிய இடுக்குகளின் வழியே இக்குழாய்கள் நுழைந்து செல்ல வேண்டியவாயின. எஞ்சினுக்கும் அதன் பின்னுள்ள தகட்டுச் சுவருக்கும் இடையே விரல் நுழையும் இடமே இருக்கும். அவ்விடுக்கினுள்ளே குழாயை மாட்டி, கிளிப்பை இட்டு, திருகாணியை முடுக்க வேண்டும். கண் காணும் இடத்துக்குக் கை எட்டாது. கை எட்டும் இடத்தைக் கண் காணாது. பழைய கார்களைப் பேணுவோர் நன்கு அறிந்த துன்பம் இது.

குழாய் சிறிதாயினும் அது பழுதுற்றால் விளையும் கேடு சிறிதன்று. சுழலும் நீர் சாதாரண நீர்போல் 100 பாகையில் கொதித்துவிடாதபடி அதனை அழுத்தத்தில் அடைத்து வைப்பர். சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியை ரேடியேட்டருக்கு இட்டால் நீரின் கொதிநிலை ஏறக்குறைய 20 பாகை உயர்கின்றது. அவ்வழுத்தம் முழுவதையும் ஹோஸ் குழாயின் சுவரும் அதன் முனையிலுள்ள கிளிப்பும் தாங்கி நிற்றல் வேண்டும். குழாய் வெடித்ததாயின் நீர் சில நிமிடங்களில் வெளியேறிவிடும்; எஞ்சின் அளவு கடந்து சூடேறும்; சிலிண்டர் ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பகுதிக்கும் இடையே உள்ள காஸ்கெட்டு எரிந்து போகும்; ஹெட்டின் தளம் வளைந்துவிடுதலும் உண்டு. சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய செலவு பல்லாயிரத்தில் வந்து முடியும். இதில் மற்றொரு தீமையும் உண்டு. இக்குழாய்கள் பெரும்பாலும் முனைகளுக்கு அருகே உட்புறத்திலிருந்து நுண்ணிய வெடிப்புக் கொள்கின்றன. மேலே பார்ப்பவனுக்குப் பளபளப்பாகவே தோன்றும். விரலால் அமுக்கிப் பார்ப்பவனே முனை மெத்தென்று போயிருப்பதை அறிவான். ஆகவே எட்டித் தொட முடியாத இடத்தில் வைக்கப்பட்ட குழாய், மாற்றுதற்கு மட்டுமேயன்றிச் சோதித்தற்கும் அரியதாகின்றது. நோயாளியின் நாடியைத் தொட முடியாத மருத்துவன் நோயை எங்ஙனம் அறிவான்?

இனி இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாக மினி காரையே ஆராய்வோம். 1956-ஆம் ஆண்டில் சூயெஸ் கால்வாய்ப் பூசலினால் இங்கிலாந்தில் பெட்ரோல் தட்டுப்பாடு உண்டாயிற்று. அதன் பயனாகச் சிறிய, சிக்கனமான காரொன்று வேண்டுமென பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் கருதிற்று. அப்பணி அலெக் இஸிகோனிஸ் என்னும் அமைப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர் பெட்டியை எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டியினுள்ளேயே அடக்கினார். ரேடியேட்டரை முன்னே வைக்காது இடப்பக்கத்துச் சக்கரத்தின் உட்சுவரை ஒட்டி நிறுத்தினார். காரின் நீளம் ஏறக்குறைய 10 அடியே. அதற்குள் நால்வர் இனிது அமர்ந்தனர். காரின் தரைப்பரப்பில் நூற்றுக்கு 80 பங்கு மனிதருக்கும் அவர்தம் பெட்டிகளுக்கும் என்றாயிற்று. 1959 ஆகஸ்டு 26-ஆம் நாள் வெளிவந்த அக்கார் 2000-ஆம் ஆண்டு வரையில் 53 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. எளிய மக்கள் பலர்க்குக் கார் உரிமையை நல்கிய பெருமை அதற்கு உண்டு. இஸிகோனிஸின் மதிநுட்பத்தை மறுப்பவன் நன்றியற்றவனேயாவான்.

ஆயினும் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டன்றோ? மினியின் எஞ்சின் 1951-ஆம் ஆண்டில் ஆஸ்டின் ஏ-30 காருக்காக வந்த ஏ-சீரிஸ் எஞ்சினின் வழித்தோன்றல். அதிலே வாட்டர் பம்பின் மேற்புறத்தையும் சிலிண்டர் ஹெட்டின் அடிப்புறத்தையும் இணைக்கும் குறுங்குழாய் ஒன்று உண்டு. இதனைப் பைபாஸ் ஹோஸ் என்பர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். நாடு நோக்கி 74 அல்லது 82 அல்லது 88 பாகையில் அது திறக்கும். அதுவரையில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வருதற்கு இக்குறுங்குழாயே வழி. கட்டுரையின் தொடக்கத்திற் குறித்த இரண்டு அங்குலக் குழாய் இதுவே.

எஞ்சின் நேராக நிற்கும் ஆஸ்டின் காரிலேயே இக்குழாயை மாற்றுவது தொல்லைதான். குறுக்கே திரும்பிய மினியிலோ அது பெருந்தொல்லை. மேலும் கீழும் உலோக மூக்குகள். இடையே வளையவும் நீளவும் இடமில்லாத தடித்த இரப்பர். மேல்முனையை மாட்டினால் கீழ்முனை ஏறாது. கீழ்முனையை மாட்டினால் மேல்முனை ஏறாது. முறைப்படி செய்ய வேண்டுமாயின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும்; அன்றேல் ரேடியேட்டரை அகற்றி, விசிறியையும் வாரையும் நீக்கி, வாட்டர் பம்பைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும். இரண்டு அங்குல இரப்பருக்காக ஒரு பகற்பொழுது கழியும். எலியைப் பிடிக்க வீட்டைப் பிரித்தவன் கதை இதுதானோ!

இத்துன்பத்தினிடையே கைவல்லார் கண்டறிந்த முறைகள் பல. அவை நூல்களில் தலைப்பிட்டு எழுதப்பட்டனவாயினும், கையினாற் பயின்றவனுக்கே பொருள் விளங்குவன. அவற்றுள் சிலவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறுவல்.

முதலாவது பொறுமை. எஞ்சின் முற்றும் குளிர்ந்த பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். சூடாய் இருக்கும்போது திறந்தால், அழுத்தம் நீங்கிய அந்நொடியிலேயே நீர் ஆவியாகிச் சீறி எழுந்து முகத்தையும் கையையும் வேகச் செய்துவிடும். நீரை வடித்தபின்பே குழாயில் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது, பழைய குழாயை முறுக்கியோ நெம்பியோ பிடுங்க முயலாமை. பல ஆண்டுகள் சூட்டில் வெந்த இரப்பர் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெப்பமூட்டியின் மூக்குகளோ மெல்லிய செம்பினாலோ பித்தளையினாலோ ஆகி, ஈயப்பற்றினால் ஒட்டப்பட்டவை. வன்மையாக இழுத்தால் குழாய் வாராது, மூக்கே பெயர்ந்து வரும். பின்னர் காரின் முகப்புப் பலகை முழுவதையும் பிரிக்க நேரிடும். எனவே அறிந்தவன் கூரிய கத்தியால் இரப்பரை நீளவாக்கிற் கீறி, வாழைப்பட்டையை உரிப்பதுபோல் உரித்தெடுப்பான். கெட்டது எப்படியும் எறியப்படுவதே. அதனைக் காப்பாற்ற முயன்று நல்லதைக் கெடுத்துக்கொள்ளுதல் பேதைமை.

மூன்றாவது, மூக்கைத் துடைத்தல். அதன்மேற் படிந்த துருவையும் உப்பையும் நீக்கி வழவழப்பாக்காமல் புதிய குழாயை மாட்டினால், எவ்வளவு முடுக்கினும் நீர் கசியும். நான்காவது, புதிய குழாயின் முனையைச் சுடுநீரிற் சிறிது பொழுது தோய்த்து இளக்குதல். உலோகத்தின்மீது சோப்பு நீரைப் பூசினால் குழாய் வழுக்கிக்கொண்டு ஏறும். பெட்ரோலிய எண்ணெயையோ கிரீஸையோ பூசுவோர் உளர். அவை இவ்வகை இரப்பரை ஊதச் செய்து கெடுப்பன. இன்று எளிதாய் இருப்பது நாளை கேடாய் முடிதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஐந்தாவதே யாவற்றினும் நுட்பமானது. கிளிப்புகளை முன்னதாகவே குழாயின்மேற் கோத்துவிட வேண்டும். அவற்றின் திருகாணித் தலைகள் எத்திசை நோக்கி நிற்பின் திருப்புளி பிற்காலத்தும் எட்டுமோ, அத்திசை நோக்கி நிறுத்தியபின்பே முடுக்க வேண்டும். முதலிற் கை எட்டாத முனையை மாட்டிவிட்டு, எட்டும் முனையைப் பின்னர் மாட்ட வேண்டும். கிளிப்பு, மூக்கின் விளிம்பிலுள்ள சிறு மேட்டுக்கு அப்பால் அமைதல் வேண்டும். மேட்டின்மீதே அமைந்தால் வழுவிவிடும். இடுக்கினுள் நோக்கச் சிறு கண்ணாடியும், வளைந்து செல்லும் தண்டுடைய திருப்புளியும் துணையாகும். நீரை மீண்டும் நிரப்பும்போது வெப்பமூட்டியின் அடைப்பைத் திறந்து வைத்தால் உள்ளே காற்று அடைபட்டு நில்லாது. எஞ்சின் ஒருமுறை சூடேறி ஆறிய பின்னர் கிளிப்பை மீண்டும் சிறிது முடுக்க வேண்டும். புதிய இரப்பர் சூட்டில் அமுங்கி இடம் விடுவது இயல்பு.

மேற்கூறியவற்றுள் ஐந்தாவதனை அன்பர்கள் மீண்டும் ஒருமுறை நோக்குக. திருகாணித் தலையை எட்டும் திசையில் நிறுத்துதற்கு ஒரு காசும் செலவில்லை. ஒரு நொடிப் பொழுதே வேண்டும். அவ்வாறு நிறுத்துகின்றவன், ஐந்து ஆண்டுகளுக்குப்பின் அக்கிளிப்பைக் கழற்றப் போகின்றவன் எவனோ, அவனை இன்றே நினைக்கின்றான். அவன் தானாகவும் இருக்கலாம். முகமறியாத ஒருவனாகவும் இருக்கலாம். முகமறியாதவனுடைய கையை முன்னறிந்து அதற்கு வழிவிடும் இச்செயலை அறம் என்னாது வேறென் என்பது? அதனைச் செய்யாது முடுக்கியவன் வேலையை முடித்தவனே. ஆயினும் தன் வேலையைப் பிறனொருவன் தலையில் ஏற்றிவிட்டவனுமாவான்.

அக்கிளிப்பே இத்தகைய நினைவின் பயனாகத் தோன்றியது எனலாம். லம்லி இராபின்ஸன் என்னும் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஒருவர் 1921-ஆம் ஆண்டில் ஜூபிலி கிளிப்பு என்னும் பட்டைக்கு உரிமை பெற்றார். பட்டையில் வெட்டிய பள்ளங்களிலே திருகாணியின் மரைகள் பொருந்தி, திருகத் திருகப் பட்டை சுருங்கி வரும். அதன் சிறப்பு இறுக்கத்தில் மட்டும் இல்லை. ஒரே கையில் ஒரே திருப்புளியைக் கொண்டு இறுக்கவும் தளர்த்தவும் கூடும் என்பதிலும் உளது. நூறு ஆண்டுகள் கடந்தும் அவ்வமைப்பு உலகெங்கும் வழங்குகின்றது. கையை மதித்த பொருள் நீடு வாழ்கின்றது.

இனி மினி பிறந்த அதே 1959-ஆம் ஆண்டின் ஏப்ரல் திங்களில் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்னும் காரை நோக்குவோம். இத்தாலியராகிய ஜொவான்னி மிக்கெலோட்டி அதன் வடிவை அமைத்தவர். அதன் பானெட்டைத் தூக்கினால் முன்பக்கத்து மட்கார்டுகளும் விளக்குகளும் ஒருங்கே முன்னோக்கிச் சாய்ந்துவிடும். எஞ்சின் மூன்று பக்கமும் வெளியாக நிற்கும். பழுது பார்ப்பவன் முன்சக்கரத்தின்மேல் அமர்ந்துகொண்டே வேலை செய்யலாம். இக்காரே 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தாரால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரோடு செய்யப்பட்டு, நம் நாட்டுத் தெருக்களிற் பத்தாண்டுக் காலம் புதிதாய் வந்துகொண்டிருந்தது. எம் மாமனுடைய கார் அவ்வினத்ததே. அதன் எஞ்சினருகே விளக்குப் பிடித்து நின்றவனுக்கு, மினியின் இடுக்கைப் பற்றிப் படிக்கும்போது வேறுபாடு உள்ளங்கை நெல்லிக்கனியாய் விளங்கும்.

"ஹெரால்டின் நீளம் 12 அடி 9 அங்குலம், மினியோ 10 அடி. இரண்டே முக்கால் அடி மிகுதியாகப் பெற்றவன் கைக்கு இடம் வைத்தது என்ன வியப்பு? சிறிய காரே வேண்டுமென்று கேட்ட மக்களுக்கு இஸிகோனிஸ் சிறிய காரையே கொடுத்தார். பழுது பார்ப்போன் என்றோ ஒருநாள் துன்புறுவான்; பயணம் செய்வோர் நாள்தோறும் இன்புறுவர். என்றோ வரும் துன்பத்துக்காக நாள்தோறும் வரும் இன்பத்தை விடுவதோ?" எனக் கூறுவாரும் உளர். இவ்வாதம் தள்ளத்தக்கதன்று. இடம் அளவுபட்டது, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றொருவருக்குக் குறையும் என்பது உண்மையே. பயணம் செய்வோருக்கு முதலிடம் கொடுத்ததில் பிழை காண்பதற்கில்லை.

ஆயினும் இவ்வாதத்துக்கு விடையும் அக்காரின் வரலாற்றிலேயே உளது. பின்னாளில் அப்பைபாஸ் குழாய்க்கு மாற்றாக, துருத்திபோல மடிப்பு மடிப்பாய் அமைந்த இரப்பர்க் குழாய் ஒன்று வந்தது. அதனை விரல்களால் அமுக்கிக் குறுக்கி இரு மூக்குகளுக்கும் இடையே நுழைத்து விட்டால், தானே விரிந்து இருபுறமும் ஏறிக்கொள்ளும். ஹெட்டையும் கழற்ற வேண்டுவதில்லை. பம்பையும் கழற்ற வேண்டுவதில்லை. அதற்கும் பின்னர் அவ்வெஞ்சின் வகையிற் பிற்காலத்துச் சிலவற்றில் இக்குழாயே வேண்டாதபடி அமைப்பை மாற்றிவிட்டனர். காரின் நீளம் இதனால் ஓர் அங்குலமும் கூடவில்லை. பயணம் செய்வோர் ஒருவரும் தம் இடத்தை இழக்கவில்லை. அஃதாவது, முதற் குழாயை அமைத்த காலத்து இல்லாதிருந்தது இடம் அன்று, நினைவே. அக்குழாயை வரைந்தவர் மேசைமேல் விரித்த தாளில் எஞ்சினைக் கண்டார். தாளில் இரு கோடுகளுக்கு இடையே ஒரு குழாயை வரைதல் எளிது. அதே இடத்தில் முழங்கையை மடக்கி, விரல் முட்டியைத் தேய்த்துக்கொண்டு, கண் காணாத கிளிப்பைத் தேடும் ஒருவனை அத்தாள் காட்டாது.

இக்கணக்கை இன்னும் ஒருபடி ஆராய்ந்தால் செலவு யாருடையது என்பது புலப்படும். தொழிற்சாலையில் எஞ்சினை வெளியே வைத்துப் பூட்டும்போது இக்குழாயை மாட்டுதல் சிறு வேலை. ஆகவே செய்தவருடைய ஏட்டில் அத்துன்பம் ஒரு செலவாகப் பதியப்படவேயில்லை. காரை வாங்கியவன் விலைச்சீட்டில் அதைக் காணவில்லை. பின்னொரு நாள் அது பழுது பார்ப்பவனுடைய உழைப்பாகவும், உடையவன் கொடுக்கும் கூலியாகவும், கூலிக்கு அஞ்சி மாற்றாது விட்டவனுடைய எஞ்சின் எரிந்து போன நட்டமாகவும் வெளிப்படுகின்றது. எழுதப்படாத கடனை எளியவர் இறுக்கின்றனர். பட்டறையிற் பணி செய்வோனுடைய நேரமும் தோலும் மலிவு என்ற எண்ணமே இதற்கு அடி வேர். அவ்வெண்ணம் நம் நாட்டிலும் ஆழ வேரூன்றியது என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை. கையிற் கரி படிந்தவனைக் கற்றவர் நடத்தும் முறை நாம் நாள்தோறும் காண்பது. அவனுடைய விரலுக்குள்ள அறிவு நம் தேர்வுத்தாள்களில் அடங்காதது. அதனாலேயே அதனை அறிவன்று எனத் தள்ளிவிடுகின்றோம்.

பழைய கார்களைப் பற்றிய பேச்சு இக்காலத்துக்கு எற்றுக்கு என்பார்க்கு ஒரு சொல். இடுக்கு மறையவில்லை; வளர்ந்திருக்கின்றது. இக்காலத்துப் பொருள்கள் பலவற்றில் மூடியைத் திறத்தலே அரிது. ஒட்டுப் பசையினால் அடைக்கப்பட்டவையும், தனிக் கருவியின்றிக் கழற்ற முடியாத திருகாணி கொண்டவையும் பல. இதனை உணர்ந்தே அரசுகள் சில இத்துறையில் தலையிடத் தொடங்கின. பிரான்சு நாட்டில் 2021-ஆம் ஆண்டு தொடங்கிக் கைப்பேசி, மடிக்கணினி, சலவைப்பொறி முதலிய சில பொருள்களுக்குப் பழுது பார்க்கும் எளிமையை அளந்து பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டுக் காட்டும் முறை வந்தது. கழற்றுதற்கு எளிதா என்பது அம்மதிப்பெண்ணின் உறுப்புக்களுள் ஒன்று. நம் இந்திய அரசின் நுகர்வோர் துறையும் 2022-ஆம் ஆண்டில் பழுது பார்க்கும் உரிமையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. உழவுக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுப் பொருள்கள் ஆகியவற்றோடு மோட்டார் வண்டிகளும் அதன் ஆராய்ச்சிக்கு உரியவாயின. சட்டம் நன்றே. ஆயினும் உதிரி உறுப்பு விற்க வேண்டும், விளக்க நூல் தர வேண்டும் எனச் சட்டம் கட்டளையிடலாம். திருகாணித் தலையை எட்டும் திசையில் நிறுத்து என எச்சட்டம் கட்டளையிடும்? அது செய்பவன் நெஞ்சில் எழ வேண்டுவது.

நம் கல்லூரியிற் பயில்வோருள் சிலர் நாளை பொறியமைப்போராவர். சிலர் அலுவலகங்களில் அமர்ந்து விதிகளும் விண்ணப்பத் தாள்களும் வகுப்பர். சிலர் பாடநூல் எழுதுவர். இவர் அனைவரும் ஒருவகையிற் குழாய் அமைப்போரே. எழுத இடம் போதாத விண்ணப்பத்தைத் தாலுகாக் கச்சேரி வாயிலில் நின்று எழுத முடியாது தவிக்கும் முதியவளுக்கும், பொருள் விளங்காத பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் சிறுவனுக்கும் நேர்ந்தது, மினியின் இடுக்கில் விரல் தேய்ந்தவனுக்கு நேர்ந்ததே. மேசையருகே இருந்து வரைகின்றவர், தாம் வரைவதைக் கையாளப் போகின்றவரைத் தம் அருகே அழைத்து ஒருமுறை கேட்டாராயின் இத்துன்பங்களிற் பாதி பிறவா.

ஆகையால் தோழர்காள்! பொறியமைப்புப் பயிலச் செல்வோர் ஒரு திங்களேனும் பழுது பார்க்கும் பட்டறையில் நின்று பயில வேண்டும் என்பது என் கருத்து. வரைபடத்தில் குழாய்க்கு இடம் குறிப்பதற்கு முன், அவ்விடத்தே தம் கையை ஒருமுறை நுழைத்துப் பார்க்கட்டும். நாமும் நம் வீட்டுக் காரையோ சைக்கிளையோ தையற் பொறியையோ செப்பனிட வருபவர் அருகே நின்று, அவர் கை எங்கே தடைப்படுகின்றது என்பதைக் கண்டறிவோமாக. அத்தடை அவர் திறமைக் குறைவினால் வந்ததா, செய்தவர் மறதியினால் வந்ததா என்று ஒரு நொடி எண்ணிப் பார்த்தபின் கூலியைப் பற்றிப் பேசுவோமாக.